முள் வைக்க மூன்று சம்மதம்

மூங்கிலாற்றுக் காட்டில் மருதி என்றொரு மிளா மான் இருந்தாள். அகலமான காது, ஈரமான மூக்கு, ஓரிடத்தில் நிலைக்காத கண். காற்றில் புலி வாடை வந்தால் காட்டில் முதலில் குரல் கொடுப்பவள் அவள்தான். அவள் குரல் கேட்டால் மான் கூட்டமெல்லாம் சிதறி ஓடிவிடும். அந்தக் கோடையில் அவள் காலடியிலேயே ஒரு பெண் கன்று சுற்றிக்கொண்டிருந்தது. தும்பை என்று பெயர். இன்னும் பால்குடி மறக்கவில்லை.

வெயில் ஏற ஏற அந்தக் காட்டு விலங்குகளுக்கு உப்பு வேண்டியிருக்கும். மலைச்சரிவு ஆற்றைத் தொடும் வளைவில் வெளிறிப்போன ஒரு மண் திட்டு உண்டு. உப்புத் திட்டு என்பார்கள். மானும் பன்றியும் காட்டெருமையும் அங்கே வந்துதான் மண்ணை நக்கும். ஒருவர் நக்கிய இடத்தை இன்னொருவர் நக்குவார். அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது.

ஒரு நாள் காலை மருதி தும்பையைக் கூட்டிக்கொண்டு அங்கே போனாள். திட்டின் நடுவில் கோரையன் என்ற காட்டுப்பன்றி நின்றான். ஆற்றோரக் கூட்டத்தைச் சேர்ந்தவன். அவன் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது. உதடு வெந்ததுபோல் இருந்தது. முன்காலைத் தரையில் ஊன்ற முடியாமல் தூக்கித் தூக்கி வைத்தான்.

“என்ன கோரையா, கால்ல என்ன?” என்று மருதி கேட்டாள்.

“முள்ளு குத்திருச்சு” என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

முள் குத்தினால் கால் வலிக்கும். வாய் ஏன் வேக வேண்டும்? மருதி கிட்டே போகாமல் தள்ளி நின்றே துருவித் துருவிக் கேட்டாள். கடைசியில் கோரையன் ஒப்புக்கொண்டான். அவன் கூட்டத்தில் பாதிப் பேருக்கு இப்படித்தான். வாயில் கொப்புளம், குளம்பு இடுக்கில் புண். குட்டிகள் சில செத்தும் போயிருந்தன. வெளியே தெரிந்தால் காட்டைவிட்டே துரத்திவிடுவார்கள் என்று பயந்து எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள்.

மருதி தும்பையை மூக்கால் தள்ளித் திட்டைவிட்டு வெளியே கொண்டுவந்தாள். அங்கே நின்ற மற்றவர்களையும் விலகச் சொன்னாள். சிலர் விலகினார்கள். பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நோய் என்று சொல்ல நீ யார், போய்த் தலைவரிடம் சொல் என்றார்கள்.

சரி, தலைவரிடமே சொல்வோம் என்று மருதி கிளம்பினாள்.

அந்தக் காடு மூன்று பிரிவாக இருந்தது. மலைச்சரிவு, ஆற்றோரம், மூங்கில்காடு. பிரிவுக்கு ஒரு தலைவர், பிரிவுக்கு ஒரு விசாரணைக்காரர். எல்லோருக்கும் மேலே ஒரு யானை. பெரியம்மா என்றுதான் காடு முழுக்க அவரைக் கூப்பிடும். கோடையில் அவர் மலை உச்சியில் இருப்பார். உச்சிக்கும் கீழுக்கும் நடுவே ஒரு நரி, நாவல் மரத்தடியில் உட்கார்ந்து சபை வேலைகளைப் பார்த்துவந்தார். அவரை நரியார் என்று மரியாதையோடு கூப்பிட வேண்டும்.

காட்டில் ஒரு விதி உண்டு. ஒன்றை நோய் என்று அறிவிக்க வேண்டுமானால் மூன்று விசாரணைக்காரர்களும் தனித்தனியே பார்க்க வேண்டும். மூன்று தலைவர்களும் சம்மதிக்க வேண்டும். அதுவரை எந்த இடத்தையும் மூடக் கூடாது, பெரியம்மாவையும் தொந்தரவு செய்யக் கூடாது.

இந்த விதி சும்மா வந்ததில்லை. முன்பு ஒரு புள்ளிமான் குடும்பத்துக்கு உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது. தொற்றுநோய் என்று யாரோ கிளப்பிவிட, கூட்டம் சேர்ந்து அந்தக் குடும்பத்தை ஆற்றுக்கு அப்பால் துரத்தியது. அங்கே செந்நாய்கள் அவர்களைத் தின்றுவிட்டன. பிறகு பார்த்தால் அது வெறும் கம்பளிப்பூச்சி அரிப்பு. இனி அப்படி ஒரு பாவம் நடக்கக் கூடாது என்றுதான் பெரியம்மா விதியைப் போட்டார். நல்ல மனதோடு போட்ட விதி. அந்த நல்ல விதி என்ன செய்தது என்று கேளுங்கள்.

மலைச்சரிவுக்குத் தலைவர் திமிலர் என்ற காட்டெருமை. கெட்டவர் இல்லை. மருதி சொன்னதை அசைபோட்டுக்கொண்டே முழுக்கக் கேட்டார். உப்புத் திட்டு நம் சரிவில்தான் இருக்கிறது, ஆனால் பன்றி ஆற்றோரத்துப் பன்றி, நோயாளி எந்தப் பிரிவோ அந்தப் பிரிவில்தான் சொல்ல வேண்டும் என்றார்.

மருதி ஆற்றோரத்துக்கு ஓடினாள். தும்பையும் பின்னாலேயே ஓடிவந்தது. ஆற்றோரத் தலைவரான முதலை மணலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். பன்றி எங்களுடையதுதான், ஆனால் திட்டு உங்களுடையது, இடம் யாருடையதோ அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

மருதி நாவல் மரத்தடிக்கு ஓடினாள். நரியார் இரண்டு பதில்களையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டுமே சரி என்றார்.

“ரெண்டும் எப்படிங்க சரியா இருக்கும்?”

தலைவர்கள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும், பிறகு விசாரணையை ஆரம்பிக்கலாம் என்றார் நரியார். மருதி கெஞ்சினாள். நோய் என்று அறிவிக்க வேண்டாம். யார்மேலும் பழி போட வேண்டாம். திட்டைச் சுற்றி நாலு முள் கிளையை மட்டும் போட்டுவையுங்கள். விசாரணை அதன்பிறகு நிதானமாக நடக்கட்டும் என்றாள்.

நரியார் வாலை ஒதுக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். “முள்ளு வச்சா நோய் இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்மா. நோய் இருக்குன்னு யார் சொன்னது?”

மருதிக்குக் காது சிவந்தது. “புலி வந்தா நான் கத்துறேன். எந்தப் பிரிவுப் புலின்னு அப்ப யாரும் கேக்கறதில்ல. நீங்களும் கேட்டதில்ல. முதல் ஆளா ஓடுறீங்க.”

“புலி வேற, இது வேற” என்றார் நரியார்.

என்ன வேறு? புலி ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் தின்னும்.

மருதி திரும்பிப் போய் உப்புத் திட்டின் வாசலில் நின்றுகொண்டாள். வந்தவர்களிடமெல்லாம் உள்ளே போகாதீர்கள் என்று சொன்னாள். முள்ளைத் தூக்கிவர அவளுக்குத் தும்பிக்கையா இருக்கிறது? வாய்தான் இருந்தது. கன்று வைத்திருந்த தாய்கள் அவள் சொன்னதைக் கேட்டுத் திரும்பினார்கள். இளவட்டங்கள் சிரித்தார்கள். கொம்பு வைத்த ஒரு மான் அவளை விலாவில் இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போனான். மறுநாள் நரியாரிடமிருந்து சொல் வந்தது. மருதி காட்டில் வீண் பீதியைக் கிளப்புகிறாள், இனி திட்டுப் பக்கம் நின்றால் சபைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று. திமிலரே வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம், உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் தங்கச்சி என்றார்.

திமிலரும் முதலையும் எந்த இடத்தில் சந்தித்துப் பேசுவது என்பதிலேயே இழுபறி. அவர் இறங்கிவர வேண்டும் என்றார் இவர், இவர் ஏறிவர வேண்டும் என்றார் அவர். அதற்குள் ஆற்றோரத்தில் இன்னும் பல குட்டிகள் போயின. ஒருவழியாகப் பேசி முடித்தார்கள். விசாரணை ஆரம்பித்தது.

முதலில் வந்தவர் மலைச்சரிவின் விசாரணைக்காரர், கரடி தேனப்பன். நிறைய நோய் பார்த்தவர். நேரே கோரையனிடம் போனார். அவன் வாயைக் கையால் பிளந்து, உதட்டை மடக்கி, நாக்கைத் தடவிப் பார்த்தார். பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்ற இருவரும் பார்த்து முடிக்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது விதி. முன்னால் பார்த்தவர் சொன்னதைக் கேட்டுப் பின்னால் வருபவர் மனம் மாறிவிடுமாம்.

பிறகு தேனப்பன் சரிவுக்கு ஏறிவந்தார். இங்கே யாருக்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. கன்றுகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றின் வாயையும் திறந்து பார்த்தார். தும்பை பயந்து தாயின் வயிற்றுக்கடியில் ஒளிந்துகொண்டது. மருதிதான் அதைத் தடவிக்கொடுத்து வெளியே கொண்டுவந்தாள்.

“ஆ காட்டும்மா. மாமா பாக்கட்டும். ஒண்ணும் பண்ண மாட்டார்.”

தும்பை வாயைத் திறந்தது. தேனப்பன் உதட்டை மடக்கி, நாக்கைத் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. நல்ல கன்று என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். மருதிக்கு அன்று பெரிய நிம்மதி.

அடுத்து மூங்கில்காட்டிலிருந்து மந்தி வந்தது. அதே கேள்விகள். எப்போது பார்த்தாய், எங்கே பார்த்தாய், பன்றி என்ன தின்றது. கரடியாரிடம் எல்லாம் சொல்லிவிட்டேனே என்றாள் மருதி. அவரிடம் சொன்னது அவருக்கு, எனக்குத் தனியாகச் சொல் என்றது மந்தி. அதுவும் கோரையன் வாயைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தது. அதுவும் கன்றுகளின் வாயைத் திறந்து பார்த்தது. அடுத்து ஆற்றோரத்து உடும்பு வந்தது. அதே கேள்விகள், அதே வாய்கள். உடும்புக்கு வெயிலில் கண் கூசியதால் சரியாகத் தெரியவில்லையாம். இன்னொரு முறை வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனது.

இவ்வளவு நடக்கும்போதும் உப்புத் திட்டு திறந்தேதான் கிடந்தது. வெயிலோ கொளுத்தியது. கூட்டம் முன்னைவிட அதிகமானது.

தும்பை அன்றிலிருந்து திட்டுப் பக்கமே போகவில்லை. மருதி விடவில்லை. பள்ளத்து ஓடையில்தான் தண்ணீர் காட்டினாள், தனிப் புதரில்தான் படுக்க வைத்தாள். அப்படியும் ஒரு காலையில் பால் குடிக்க வந்த கன்று, மடியில் வாய் வைத்ததும் வலியில் பின்வாங்கியது. மருதி குனிந்து பார்த்தாள். உதட்டோரத்தில் நுரை. நாக்கில் ஒரு கொப்புளம்.

அவள் அதற்குப் பிறகு எங்கும் ஓடவில்லை. யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. நிழல் விழும் இடமெல்லாம் கன்றை நகர்த்திக்கொண்டு கூடவே நின்றாள். இளந்தளிரை மென்று கூழாக்கி அதன் வாயருகே வைத்தாள். தும்பை நக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடும். கொஞ்சம் தேறிவருவதுபோல்கூட இருந்தது. ஒரு நடுப்பகலில் பசித்து எழுந்து, தள்ளாடி வந்து, மடியை நோக்கி முகத்தைத் தூக்கியது. அப்படியே முன்னங்கால் மடங்கிச் சரிந்தது. மருதி மூக்கால் முட்டி எழுப்பினாள். முட்டிக்கொண்டே இருந்தாள்.

வெயில் தாழும் முன்பே நரியாரும் உடும்பும் அங்கே வந்தார்கள். உடும்பின் இரண்டாம் விசாரணை. தும்பை ஓரமாகக் கிடந்தது. ஈ மொய்க்காமல் மருதி காதால் விசிறிக்கொண்டு நின்றாள்.

நரியார் தொண்டையைச் செருமினார். வருத்தம்தான் என்றார். பிறகு, கன்றுக்கு எச்சில் வடிய ஆரம்பித்தது எப்போது, அதற்கு முன் அது எங்கெங்கே போனது என்று கேட்டார்.

மருதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். குரல் உயரவே இல்லை. “பன்றியைப் பத்திக் கேட்டீங்க, சொன்னேன். மூணு பேரும் கேட்டீங்க, மூணு பேருக்கும் சொன்னேன். அந்தப் பதிலையெல்லாம் வச்சுக்கிட்டு என்ன செஞ்சீங்க? அதை இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க.”

விசாரணை இன்னும் முடியவில்லை என்றார் நரியார்.

அவ்வளவுதான். மருதி கன்றின் மேல் இலைச் சருகைக் குளம்பால் தள்ளி மூடினாள். நரியாரைத் தாண்டி, மலை உச்சிக்குப் போகும் பாதையில் ஏற ஆரம்பித்தாள். அது விதிக்கு விரோதம், சபையில் தண்டனை உண்டு என்று நரியார் பின்னால் நின்று கத்தினார். பெற்ற பிள்ளையைச் சருகில் மூடிவிட்டு வந்தவளுக்கு அவர் என்ன தண்டனை கொடுத்துவிடுவார்?

பாறையிலும் வெயிலிலும் ஏறி, வாயில் நுரை தள்ள, அவள் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். பெரியம்மா சுனையோரம் நின்று மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டிருந்தார். மருதி எல்லாவற்றையும் சொன்னாள். கோரையன், திட்டு, திமிலர், முதலை, நரியார், தும்பை. பெரியம்மாவின் தும்பிக்கை அப்படியே நின்றுவிட்டது.

“எனக்கு யாரும் சொல்லலையே” என்றார் அவர்.

“சொல்லக் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொல்லி வச்சிருக்கீங்க.”

பெரியம்மா தும்பிக்கையில் இருந்த மண்ணைக் கொட்டினார். இறங்கி நடந்தார்.

மறுநாள் காலை நாவல் மரத்தடியில் சபை கூடியது. ஆளுக்கு ஆள் எட்டி நில்லுங்கள் என்றார் பெரியம்மா. திமிலர் பேசினார். பன்றிகள்தான் கொண்டுவந்தன, ஆற்றோரம் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றார். முதலை பேசினார். சரிவின் உப்பை நக்கியதால்தான் பன்றிகளுக்கே வந்தது என்றார். இரண்டு பேச்சுக்கும் நடுவே மூங்கில்காட்டிலிருந்து ஒரு புள்ளிமான் வந்து, தங்கள் பக்கமும் கன்றுகள் வாய் நுரைத்துக் கிடப்பதாகச் சொன்னது. மூங்கில்காட்டு மான்கள் உப்புத் திட்டுக்கு வருவதே இல்லை. அவர்கள் பக்கம் வேறு உவர்மண் உண்டு. அப்படியானால் நோய் அங்கே எப்படிப் போனது என்று எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

மருதி தேனப்பன் முன்னால் போய் நின்றாள். “கரடியண்ணே, கோரையனைப் பார்த்த அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்தானே?”

தேனப்பன் தலையைக் குனிந்துகொண்டார். பார்த்ததுமே தெரிந்தது என்றார். ஒருவர் சொல் செல்லாது என்பதால் சொல்லவில்லை என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அவர் நிறுத்தவில்லை. தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“கோரையன் வாய்க்குள்ள விட்டது இந்தக் கைதான். அதே கையோட வந்து உன் பொண்ணு வாயைத் தொறந்தேன், மருதி. நடுவுல ஆத்துல ஒரு தடவை அலசியிருக்கலாம். எனக்குத் தோணவே இல்ல. நானும் அப்படித்தான் போனேன், மந்தியும் அப்படித்தான் போச்சு, உடும்பும் அப்படித்தான். மூங்கில்காட்டுக்கும் நாங்கதான் போனோம்.”

மந்தியும் உடும்பும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டன.

வாயைத் திறக்கச் சொன்னவள் தான்தான் என்பது மருதிக்கு அப்போது நினைவு வந்தது. தலையைத் தாழ்த்தினாள். தேனப்பனை முட்டிவிடுவாள் என்றே பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள். அவள் முட்டவில்லை. தவறை ஒப்புக்கொண்ட ஒருவரை முட்டி என்ன ஆகப்போகிறது? பெரியம்மா பக்கம் திரும்பினாள்.

“திட்டுலேர்ந்து என் பொண்ணைக் காப்பாத்திட்டேன். விசாரணைலேர்ந்து காப்பாத்த முடியலம்மா.”

பெரியம்மா, துரத்தப்பட்ட அந்தப் புள்ளிமான் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். இன்னொரு குடும்பம் அப்படிச் சாகக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் மெதுவாக நடக்க வைத்தேன் என்றார்.

“அவங்களைத் துரத்தினது தப்புதான்” என்றாள் மருதி. “ஆனா நான் யாரையும் துரத்தச் சொல்லலையே. மண்ணைத்தானே மூடச் சொன்னேன். மண்ணுக்கு என்ன மானம் போயிடும்?”

பெரியம்மா சபையைக் கலைக்கவும் இல்லை, யாரிடமும் சம்மதம் கேட்கவும் இல்லை. நேராக உப்புத் திட்டுக்கு நடந்தார். வழியில் இருந்த ஈங்கை முட்புதர்களைத் தும்பிக்கையால் பிடுங்கித் திட்டைச் சுற்றிப் போட்டார். முள் கீறி ரத்தம் வந்தது. அவர் பொருட்படுத்தவில்லை. ஒற்றை ஆள் வேலை, வெயில் இறங்குவதற்குள் முடிந்துவிட்டது. இத்தனை காலமும் மூன்று தலைவர்களும் மூன்று விசாரணைக்காரர்களும் ஒரு நரியும் சேர்ந்து செய்யாமல் வைத்திருந்த வேலை அது.

அங்கே நின்றபடியே அவர் புது ஏற்பாட்டைச் சொன்னார். நோயை யார் முதலில் பார்க்கிறார்களோ அவர்கள் பக்கத்தில் இருக்கும் தலைவரிடம் சொன்னால் போதும். எந்தப் பிரிவு என்று கேட்கக் கூடாது. செய்தி கேட்ட தலைவர் உடனே அந்த இடத்தை அடைக்க வேண்டும். மூன்று விசாரணைக்காரர்களும் ஒன்றாகப் போக வேண்டும், ஒரே முறை கேட்க வேண்டும். நோயில்லாதவர்களை முதலில் பார்த்துவிட்டு நோயாளியிடம் கடைசியாகப் போக வேண்டும். போய்வந்ததும் ஓடும் தண்ணீரில் கைகால் அலச வேண்டும். அன்றே மூன்று பிரிவுக்கும் செய்தி போக வேண்டும். நோய் கண்டவர்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், அவர்களுக்குத் தழை கொண்டுபோய்த் தள்ளி வைப்பது மற்றவர்கள் வேலை. யாரையும் துரத்தக் கூடாது. துரத்தினால் அடுத்தவன் நோயை மறைப்பான்.

நரியார் ஒரு சந்தேகம் கேட்டார். அடைத்த பிறகு அது நோயே இல்லை என்று தெரிந்தால் சபையின் மரியாதை என்ன ஆவது?

“முள்ளை எடுத்துடுவோம்” என்றார் பெரியம்மா.

நோய் உடனே ஓடிவிடவில்லை. ஏற்கெனவே பிடித்த கன்றுகளில் பல போய்விட்டன. ஆனால் புதிதாகப் பிடிப்பது குறைந்தது. மழை தொடங்குவதற்குள் நின்றுவிட்டது. கோரையன் பிழைத்துக்கொண்டான், நடை மட்டும் நொண்டிதான். ஒரு நாள் அவன் மருதியைத் தேடிவந்து, முள் குத்தியது என்று பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டான். பயந்தவன் பொய் சொல்லத்தான் செய்வான் என்று அவள் அவனை அனுப்பிவைத்தாள். தேனப்பனும் அடிக்கடி வருவார். கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போவார். அவரை மட்டும் அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நரியாருக்குத் தண்டனை எதுவும் கிடையாது. நான் விதிப்படிதான் நடந்தேன் என்றார். அது உண்மைதான். அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. தும்பையும் விதிப்படிதான் செத்தது.

மழைக்காலம் முடிந்து புல் தழைத்தது. மூங்கில்காட்டுக் குட்டையில் தண்ணீர் குடித்த புள்ளிமான் கன்றுகள் சிலவற்றுக்குக் கண் வீங்கி நீர் வடிந்தது. அதைப் பார்த்தவர் தற்செயலாக அந்தப் பக்கம் மேயப் போன திமிலர். அது அவர் பிரிவு இல்லை. ஆனால் அவர் அசைபோட்டுக்கொண்டு நிற்கவில்லை. கொம்பால் முள்ளை இழுத்துப்போட்டுக் கரையை அடைத்துவிட்டுத்தான் மறு வேலை பார்த்தார். அன்றே மூன்று விசாரணைக்காரர்களும் சேர்ந்து வந்தார்கள். ஒரே முறை கேட்டார்கள். ஓடையில் கைகால் அலசிக்கொண்டார்கள்.

கடைசியில் பார்த்தால் அது நோயே இல்லை. குட்டைக்கரையில் புதிதாய்ப் பூத்திருந்த ஏதோ செடியின் தூள் கண்ணில் பட்டிருந்தது. அவ்வளவுதான். செடியைப் பிடுங்கி எறிந்தார்கள். முள்ளையும் எடுத்துவிட்டார்கள்.

இதற்குத்தானா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று நரியார் சிரித்தார். அவரோடு சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை. திறந்துவிட்ட கரையில் புள்ளிமான் கன்றுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடிவந்து தண்ணீர் குடித்தன. மருதி தள்ளி ஒரு மரத்தடியில் நின்று, கடைசிக் கன்று குடித்து முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொற்றுநோய் தலைகாட்டினால், யார் அதிகாரம் என்று அலைக்கழிக்காமல் முதலில் வழியை அடைத்து, எல்லோரும் சேர்ந்து ஒரே முறை விசாரித்து, அன்றே ஊருக்கெல்லாம் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் வீணாகப் போட்ட முள்ளைப் பிறகு எடுத்துவிடலாம், தாமதத்தால் போன உயிரைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.